ஸ்கேனரோடு வந்த ஸ்கஸி கார்டும் லினக்ஸும்: நீண்ட நாள் அனுபவம்

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். அவன் அலுவலகத்தில் பழைய சாமான்களை ஒழிக்கிறார்களாம். என்னிடம் இருக்கிற அதே ஸ்கேனர், அட்டைப்பெட்டி, அதைக் கணினியோடு இணைக்கிற ஸ்கஸி கார்டு, கேபிள் எல்லாம் சேர்த்து 500 ரூபாய். "லினக்ஸ்ல ஓடுமாடா, வாங்கிடட்டுமா?" என்று கேட்டான். ஓடும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அது பாதிப் பதில்தான். மீதி நீளமானது, அதனால் எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த மாதிரி மலிவான ஐஎஸ்ஏ (கணினியின் பழைய வகை ஸ்லாட்) கார்டைப் பெட்டிக்குள் போட்டு விற்ற நிறுவனங்கள் அந்தக் காலத்தில் ஒன்றிரண்டு இல்லை. 2000-இல் வாங்கினேன். வீட்டில் இருக்கிற பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைப்பதற்காக வாங்கியது, இன்றைக்கும் அதற்கே பயன்படுகிறது.

முதலில் கார்டை ஓட வைத்த கதை. கூட வந்த பிளாப்பியில் விண்டோஸ் டிரைவர் மட்டும்தான். லினக்ஸ் என்ற சொல்லே கையேட்டில் இல்லை. கார்டை விளக்கடியில் சாய்த்துப் பிடித்துச் சிப்பின் எண்ணைப் படித்தேன்: 53சி400ஏ. இதற்கான டிரைவர் லினக்ஸின் மைய நிரலான கர்னலில், 2.2 பதிப்பிலேயே இருந்தது, ஜி_என்சிஆர்5380 என்று பெயர். ஏற்றிப் பார்த்தால் கார்டே இல்லை என்கிறது. ஸ்லாட்டை மாற்றினேன், பயாஸை நோண்டினேன், மூன்று ராத்திரி போனது.

விஷயம் என்னவென்றால், இந்தக் கார்டு கணினி ஆன் ஆனாலும் தூங்கிக்கொண்டே இருக்கும். ஹெக்ஸ் 779, 379 என்ற போர்ட்களில் ஐந்து எண்களை அதற்குரிய வரிசையில் எழுதினால்தான் கண் விழிக்கும். 379 என்பது சாதாரணமாகப் பிரிண்டர் போர்ட்டின் முகவரி, அங்கே போய் இதைத் தேட யாருக்குத் தோன்றும்? டிரைவருக்கு அந்த வரிசை தெரியும். ஆனால் இது 53சி400ஏ ரகம் என்று நாம் வாய்விட்டுச் சொன்னால்தான் அது எழுதும். டிரைவர் மாட்யூலை ஏற்றும்போது முகவரி 280, ஐஆர்க்யூ 255, 53சி400ஏ 1 என்று மூன்றையும் கொடுத்தேன். ஐஆர்க்யூ, அதாவது கார்டு பிராசஸரைக் கூப்பிடும் இன்டரப்ட் வழி, கிடையாது என்பதற்குத்தான் 255. உடனே ஸ்கஸி சாதனப் பட்டியலில் ஸ்கேனரின் பெயர் வந்து நின்றது. இப்போதைய கர்னல்களில் இந்த விருப்பங்களின் பெயர்கள் மாறிவிட்டன. கார்டு என்ற விருப்பத்துக்கு 2 என்று கொடுக்க வேண்டும்.

மற்றதெல்லாம் சுலபம். ஸ்கேனரை ஆன் செய்துவிட்டு அப்புறம் மாட்யூலை ஏற்றுங்கள். நிரல்கள் ஸ்கேனரோடு பேச எஸ்ஜி மாட்யூலும் வேண்டும், அது தரும் சாதனக் கோப்புக்கு நம் பயனர் கணக்கில் எழுத அனுமதி வேண்டும். லினக்ஸின் ஸ்கேனர் மென்பொருளான சேன் தானாகக் கண்டுபிடித்துவிடும், அதன் திரை நிரலான எக்ஸ்சேனில் முன்னோட்டம் வந்துவிடும்.

இந்த டிரைவரின் வேர் 1993-இல் ட்ரூ எக்கார்ட் எழுதிய 5380 நிரல். 53சி400 சிப்புக்கான பகுதியைக் கெவின் லென்டின் சேர்த்தார். கார்டை விற்றவர்கள் எழுதாத ஒன்றை இவர்கள் எழுதி வைத்தார்கள், அது இன்னும் கர்னலில் இருக்கிறது. அவர்களுக்கு என் நன்றி எப்போதும் உண்டு.

சரி, இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

ஸ்கேன் பொத்தானை அழுத்தியதும் மவுஸ் நின்றுவிடும். நின்றுவிடும் என்றால், திரையில் அம்பு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, நாலு விநாடி கழித்து எங்கோ குதித்து, மறுபடி ஒட்டிக்கொள்ளும். பாட்டு ஓடினால் திக்கும். அந்த நாளில் மோடம் இணைப்பு அறுந்தே போகும். ஒரு பக்கம் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

காரணம் கார்டின் அடியிலேயே தெரிகிறது. ஐஎஸ்ஏ கார்டின் தங்க முலாம் பூசிய விரல்களில் 21 முதல் 25 வரை ஐந்து விரல்கள் இன்டரப்ட்டுக்கானவை. என் கார்டில் அந்த இடம் மொட்டையாக இருக்கிறது. செம்புத் தடமே போடவில்லை. இன்டரப்ட் என்பது குக்கர் விசில் மாதிரி. விசில் வரும்வரை நாம் வேறு வேலை பார்க்கலாம். அது இல்லாத கார்டு அடுப்பில் வைத்த பால் மாதிரி, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஏ4 பக்கம் ஒன்று, 300 டிபிஐ, சாம்பல் நிறத்தில் எடுத்தால் ஏறக்குறைய 87 லட்சம் பைட். டிஎம்ஏவும் (பிராசஸர் கைவைக்காமலே தகவல் நினைவகத்துக்குப் போகும் வழி) இல்லாததால் அத்தனையையும் பிராசஸர் தானே நின்று அள்ள வேண்டும்.

கறுப்பு வெள்ளையில் எடுத்தால் எட்டில் ஒரு பங்குதானே என்று கேட்கலாம். எடுத்துப் பார்த்தேன். பழைய அச்சில் மெய்யெழுத்தின் புள்ளி ஊசி முனை அளவுதான் இருக்கும், அதுவும் மை பாதி விழுந்திருக்கும். கறுப்பு வெள்ளையில் அந்தப் புள்ளி காணாமல் போய் 'ண்' எல்லாம் 'ண' ஆகிவிடுகிறது. அதனால் சாம்பல் நிறம் தவிர வேறு வழியில்லை.

டிரைவர் நிரலில் யுஸ்லீப் என்ற காத்திருப்பு மதிப்புகள் இருந்தன, அவற்றை மாற்றி மாட்யூலைத் திரும்பக் கம்பைல் செய்து பார்க்கலாம் என்று படித்தேன். அதையும் செய்தேன். மவுஸ் கொஞ்சம் நகர்ந்தது, ஸ்கேன் இன்னும் மெதுவானது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியதுதான் மிச்சம்.

இதற்கு மேல் இன்னொரு தொல்லை. ஸ்கேனரின் தலை கொஞ்ச தூரம் போகும், நிற்கும், டக்கென்று பின்னால் வரும், மறுபடி கிளம்பும். ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு முறை. நின்று கிளம்பிய இடத்தில் சில சமயம் மெல்லிய கோடு விழும், அந்தக் கோடு ஒரு வரியின் நடுவில் விழுந்தால் பக்கத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். இத்தனை வருஷமும் மோட்டாரோ பெல்ட்டோ சரியில்லை என்றே நினைத்திருந்தேன். போன மாதம் அந்தச் சத்தம் தாங்க முடியாமல் ரிப்பேருக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மூடியைக் கழற்றி, பெல்ட்டை விரலால் சுண்டிப் பார்த்தார். தலையைக் கையால் மேலும் கீழும் ஓட்டினார். "மோட்டார்ல ஒண்ணும் இல்ல சார். படம் சிஸ்டத்துக்குப் போக மாட்டேங்குது, அதான் நிக்குது" என்றார். கண்ணாடியை உள்பக்கம் துடைத்ததற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய பிசிஐ (ஐஎஸ்ஏவுக்குப் பின் வந்த ஸ்லாட்) ஸ்கஸி கார்டு வாங்கினேன், 53சி810 சிப் போட்டது. லினக்ஸ் அதைக் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொண்டது. ஸ்கேன் அழுத்தினேன். தலை மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக, ஒரு முனகலோடு போய் முடித்தது. மவுஸ் வழக்கம்போல ஓடியது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். என் ஸ்கேனர் வேகமான ஸ்கேனர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த ஸ்கேனரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. இது சிசிடி ரகம்: விளக்கு, கண்ணாடிகள், லென்ஸ் எல்லாம் உள்ளே இருக்கும், பெட்டி கனமாக இருக்கும். இப்போது வரும் மெல்லிசான சிஐஎஸ் ஸ்கேனர்களில் தாள் கண்ணாடியை விட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் எழும்பினாலே எழுத்து கலங்கிவிடும். தடித்த பைண்டிங் புத்தகத்தின் நடு மடிப்பு கண்ணாடியில் ஒருநாளும் படியாது. அழுத்தினால் முதுகு உடையும். இதில் மடிப்புக்குள் இறங்குகிற கடைசி எழுத்துவரை தெளிவாக வருகிறது. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, னை எல்லாம் துதிக்கை தூக்கி நிற்கும். அந்தத் துதிக்கையின் வளைவு மடிப்போரத்திலும் அப்படியே விழுகிறது. முதல் தடவை பெரிதாக்கிப் பார்த்தபோது உள்ளங்கையில் எழுதிக் காட்டியதுபோல இருந்தது. இத்தனை வருஷத்தில் விளக்கு மங்கவில்லை, ஒரு பல்சக்கரம் தேயவில்லை.

இவ்வளவு நல்ல யந்திரத்தைச் செய்தவர்கள், அதோடு இந்தக் கார்டைப் போட்டுக் கொடுத்தார்கள். ஆனையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்கு வழக்காடுவது என்பார்களே, அதுதான். ஐந்து செம்புத் தடங்களில் என்ன மிச்சப்பட்டிருக்கும்? அந்த மிச்சத்துக்காக, காசு கொடுத்து வாங்கியவன் இருபது வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு பக்கத்துக்கும் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறான். நல்ல மோட்டாரைக் கெட்ட மோட்டார் என்று நினைத்திருக்கிறான்.

நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. பிசிஐ கார்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும், நானே செய்துவிட்டேன். இருந்தாலும் இன்றைக்கு என்னால் வாங்கு என்று சொல்ல மனம் வரவில்லை.

அப்படியும் நீ வாங்குவதாக இருந்தால், பெட்டியில் கார்டு இருக்கிறதா என்று பார்க்காதே, கேபிள் இருக்கிறதா என்று பார். ஒரு முனை 25 பின், மறுமுனை 50 பின் இருந்தால் நல்லது. இரண்டு முனையும் 25 பின்னாக இருந்தால் என் பிசிஐ கார்டில் சேராது. நான் 50 பின் கேபிளுக்கு மட்டும் நாலு கடை ஏறி இறங்கினேன்.