மாஸ்டடானும் புளூஸ்கையும்: வீட்டில் இருப்பவர்களைச் சேர்த்துவிடலாமா?

2022 அக்டோபரில் ட்விட்டர் எலான் மஸ்க் கைக்குப் போனதும் கூட்டத்தோடு கூட்டமாக மாஸ்டடானுக்கு வந்தேன். ட்விட்டர் போலவே எழுதிப் பகிரும் தளம்தான் அது, ஆனால் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லை; பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குகின்றன. 2024 பிப்ரவரியில் அழைப்பு இல்லாமலே சேரலாம் என்று ட்விட்டர் மாதிரியான இன்னொரு தளமான புளூஸ்கை திறந்துவிட்டபோது அங்கேயும் ஒரு அக்கவுண்ட் தொடங்கினேன். இரண்டையும் இன்றுவரை விடாமல் பயன்படுத்துகிறேன். "நாங்களும் வரலாமா?" என்று கேட்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாஸ்டடான் என்றாலே எந்த சர்வரில் சேர்வது என்ற குழப்பத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். 2023-லிருந்து அதன் ஆப்பே ஒரு சர்வரை முன்னால் எடுத்து வைத்துவிடுகிறது. அதனால் அது இப்போது பெரிய தடை இல்லை. தொல்லை சேர்ந்த பிறகுதான். வேறு சர்வரில் இருப்பவரின் பக்கத்தை பிரவுசரில் திறந்து ஃபாலோ பட்டனைத் தட்டினால், உங்கள் சர்வர் எது என்று கேட்கும். அவர் பதிவுக்கு வந்த மறுமொழிகளில் பல, நம் சர்வருக்கு வந்தே சேர்ந்திருக்காது. 2025 கடைசியில் வந்த மாஸ்டடான் 4.5 பதிப்புக்குப் பிறகு மறுமொழிகள் விடுபடுவது நன்றாகக் குறைந்திருக்கிறது.

என்னை உண்மையில் உலுக்கியது வேறு. நான் முதலில் இருந்த சர்வரைத் தன்னார்வலர் ஒருவர் நடத்திவந்தார். செலவும் பஞ்சாயத்தும் தாங்கவில்லை, மூடப்போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்தார். புது சர்வருக்கு மாறியபோது ஃபாலோயர்கள் தானாகவே கூட வந்துவிட்டார்கள். நான் பின்தொடர்பவர்களின் பட்டியலை ஃபைலாக இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. எழுதிய பதிவுகள் மட்டும் வரவில்லை. அவற்றை ஜிப் ஃபைலாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் புது வீட்டில் ஏற்ற வழியில்லை. பழைய சுட்டிகள் எல்லாம் செத்துப்போயின. சொல்லாமல் கொள்ளாமல் மூடியிருந்தால் ஃபாலோயர்களும் போயிருப்பார்கள். இடமாற்றத்தைப் பழைய சர்வரிலிருந்துதான் தொடங்க முடியும். கணினியே தொழிலாக உள்ளவர்கள் இதைச் சமாளித்துவிடுவார்கள். என் அக்காவிடம் இதைச் செய் என்று எப்படிச் சொல்வேன்?

தனிச்செய்தி விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. மாஸ்டடானில் இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது மூன்றாமவரை @ போட்டுக் குறிப்பிட்டால் அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். சர்வர் நடத்துபவர் நினைத்தால் அவரும் படிக்க முடியும். குடும்ப விஷயம், வங்கி விஷயம் எதையும் அங்கே எழுதாதீர்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு நல்ல விஷயம் உண்டு. 'தமிழ்' என்று எழுதினால் ட்விட்டர் ஐந்து எழுத்தாகக் கணக்கிடும். கொம்பு, புள்ளி எல்லாமே அங்கே தனிக்கணக்கு. மாஸ்டடானும் புளூஸ்கையும் மூன்று என்றே எண்ணுகின்றன. மாஸ்டடானில் வழக்கமான வரம்பு 500, புளூஸ்கையில் 300. ட்விட்டரின் 280-இல் சொற்களை வெட்டிவெட்டி எழுதியவர்களுக்கு இந்த இடம் எவ்வளவு பெரிதென்று தெரியும். படிக்கத்தான் ஆள் குறைவு. 2019 நவம்பரில் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது இந்தியர்கள் பலர் மாஸ்டடானுக்கு வந்தார்கள், ஆனால் அந்த வேகம் நீடிக்கவில்லை.

2024 ஆகஸ்ட் இறுதியில் பிரேசிலில் எக்ஸ் (ட்விட்டரின் புதுப் பெயர்) தடைசெய்யப்பட்டபோது நடந்ததைப் பாருங்கள். சில நாட்களில் லட்சக்கணக்கானோர் புளூஸ்கைக்கு வந்தார்கள். யாரும் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. மறுநாளே கால்பந்தும் அரசியலும் போர்த்துகீசில் ஓடத் தொடங்கிவிட்டன. சாதாரணப் பயனருக்குப் புளூஸ்கை தயார் என்பதற்கு எனக்கு இதற்குமேல் சான்று தேவையில்லை. ஆனால் அங்கே பெரும்பாலான கணக்குகள் புளூஸ்கை என்ற ஒரே நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கின்றன. பதிவுகளோடு சேர்த்து வேறிடம் மாறலாம் என்று வடிவமைத்திருப்பது மாஸ்டடானைவிட ஒரு படி மேல்தான். அதைச் செய்து பார்த்தவர் என் வட்டத்தில் ஒருவர்கூட இல்லை. நாளை அந்த நிறுவனம் கைமாறினால் ட்விட்டரில் பட்டதையே பலரும் மறுபடி படுவார்கள் என்ற கவலை எனக்கு இருக்கிறது.

அதனால் அக்காவுக்குப் புளூஸ்கைதான் போட்டுக் கொடுத்தேன். வாசகர் வட்டம் நடத்தும் நண்பர்களுக்கு மாஸ்டடானைச் சொன்னேன், சில நிபந்தனைகளோடு: வரவு செலவைப் பொதுவில் காட்டும் சர்வராக இருக்க வேண்டும், நிர்வாகத்தில் ஒருவருக்கு மேல் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை பதிவுகளை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் அந்த சர்வருக்கு மாதம் நூறு ரூபாயாவது அனுப்பச் சொன்னேன்.