வடிவப் பெட்டி வாங்கலாமா? தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அளவியல் பாடத்தில் சூத்திரமெல்லாம் ஒப்பிப்பாள், கணக்கைக் கொடுத்தால் தப்பாகும். கனச்செவ்வகத்துக்கு (செங்கல் மாதிரி வடிவம்) எத்தனை முகம் என்றால் ஆறு என்று டக்கென்று வரும், புத்தகப் படத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று முகம் எங்கே என்று கேட்டால் முழிப்பாள். சரி, கையில் கொடுத்தால்தான் ஆகும் என்று மதுரை மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் இந்தப் பெட்டியை வாங்கினேன். 650 சொன்னார், "அண்ணே, பிள்ளைக்குப் பத்தாவது வரைக்கும் ஆகும்ணே" என்று 540-க்கு இறங்கினார்.

கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக்கில் பன்னிரண்டு வடிவம். உள்ளே காலி, அடியில் மூடி, ஒவ்வொன்றுக்குள்ளும் மடக்கிச் செருகிய கலர் அட்டை. கொடுத்த காசுக்கு மதிப்பு அந்த அட்டைதான். உருளைக்குள் இருந்ததை உருவி விரித்தால் ஒரு செவ்வகம், மேலும் கீழும் இரண்டு வட்டம். "அப்பா, இந்த நீளம் வட்டத்தோட சுற்றளவுதானே?" என்று அவளே கேட்டாள், நான் வாயைத் திறக்கவில்லை. கூம்பின் அட்டை கடலைப் பொட்டலத்தைப் பிரித்த மாதிரி வட்டத்தின் ஒரு துண்டாக விரிகிறது, அந்தத் துண்டின் ஆரம்தான் கூம்பின் சாயுயரம், அதாவது நுனியிலிருந்து அடி விளிம்பு வரை சரிவில் அளக்கிற நீளம். கூம்பு அடுத்த வருஷப் பாடம், ஆனாலும் சாயுயரம் போடவேண்டிய இடத்தில் உயரத்தைப் போடுகிற தப்பு இனி வராது என்று நினைக்கிறேன். (நான் படிக்கிற காலத்தில் அதைத்தான் செய்தேன்.)

அப்புறம் தண்ணீர். கூம்புக்கும் உருளைக்கும் ஒரே அடி, ஒரே உயரம் என்றால் மூன்று கூம்பு தண்ணீர் ஒரு உருளைக்குச் சரியாக இருக்கவேண்டும். சொட்டு நீலம் கலந்து ஊற்றினோம், மூன்றாவது தடவை ஊற்றிய பிறகும் உருளையில் அரை விரல் அளவு குறைந்தது. கணக்கு தப்பில்லை, வெளி அளவைத்தான் சமமாக வைத்திருக்கிறார்கள், பிளாஸ்டிக் தடிமனும் மூடியும் உருளையைவிடக் கூம்பில் அதன் கொள்ளளவில் பெரிய பங்கைத் தின்றுவிடுகின்றன. இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் பிள்ளை சூத்திரத்தைத்தான் சந்தேகப்படும். மூடி வேறு ஒழுகுகிறது, வாளிக்குள் வைத்துச் செய்யுங்கள்.

பெரிய குறை கனச்செவ்வகம். எதற்காக வாங்கினேனோ அதுவே சொதப்பல். அளந்தால் 5 செ.மீ., 5 செ.மீ., 8 செ.மீ. நீளமும் அகலமும் ஒன்று என்பதால் பக்கத்து நான்கு முகமும் ஒரே மாதிரி, 4×40 கூட்டல் 2×25, மொத்தம் 210 ச.செ.மீ. என்று போட்டாள். விடை சரிதான், ஆனால் "நான்கு ஒரு மாதிரி, இரண்டு ஒரு மாதிரி" என்று மனதில் பதிந்துவிட்டது. அடுத்து 6, 4, 3 என்று கணக்கு வந்ததும் 4×18 கூட்டல் 2×24 என்று 120 எழுதிவைத்திருக்கிறாள். 108 வரவேண்டும். கடைசியில் காலி சோப்பு அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காட்டித்தான் புரிந்தது: எதிரெதிராக மூன்று ஜோடி, மூன்றும் வேறு வேறு. சோப்பு போக பெட்டி இலவசம்.

பெயர் ஸ்டிக்கர் எல்லாம் இங்கிலீஷில் மட்டும், தமிழ் மீடியம் பிள்ளைக்கு நாம்தான் டேப் ஒட்டி எழுதவேண்டும். நான் கனச்செவ்வகத்தின் மேலும் பட்டகம் என்று சேர்த்து எழுதினேன், பட்டகம் என்றால் முக்கோணக் கண்ணாடி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அடிக்கு இணையாக எங்கே வெட்டினாலும் அடி மாதிரியே இருந்தால் அது பட்டகம், கனஅளவுக்கு அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கினால் போதும், முக்கோணமோ செவ்வகமோ.

540 அதிகம், 400-க்குக் கிடைத்தால் வாங்கலாம், கனச்செவ்வகத்தைக் கடையிலேயே ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு. இப்போது மகள் டேப்பும் கையுமாகத் திரிகிறாள். போன ஞாயிறு வீட்டுக் கீழ்த்தொட்டியை அளந்தாள்: 2 மீட்டர், 1.5 மீட்டர், ஆழம் 1.2. பெருக்கி 3,600 லிட்டர் என்றாள். கட்டியபோது கொத்தனார் என்னிடம் சொன்னது 5,000.