பிஆர்டியா, யூசர் ஸ்டோரியா? ஒரு ரப்பர் பால் கணக்கு

குழித்துறையில் ரயிலேறி, கழக்கூட்டத்தில் இறங்கி, டெக்னோபார்க் ஐடி வளாகத்தில் பிசினஸ் அனலிஸ்ட் வேலை (வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டு மென்பொருள் எழுதுபவர்களுக்கு எழுதித் தருவது) பார்ப்பவர்கள் எங்கள் பக்கம் பலர் உண்டு. ரயிலில் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வந்துவிடும்: வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்பதை மொத்தமாக ஒரு பிஆர்டியில், அதாவது தேவைகள் முழுவதையும் சொல்லும் ஆவணத்தில், எழுதிக் கையெழுத்து வாங்குவதா, பயன்படுத்துபவர் சொல்வதுபோல ஓரிரு வரியில் எழுதும் யூசர் ஸ்டோரிகளாகப் பிரித்து எழுதுவதா? ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறேன். அதை வைத்தே சொல்கிறேன்.

அவர் மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் வியாபாரி. முதலில் ரப்பர் ஷீட் கொள்முதல் கணக்குக்கு ஒரு மென்பொருள். அதற்கு எழுபது பக்கத்தில் பிஆர்டி எழுதினேன், ஆங்கிலத்தில். ஷீட் அடுக்கிய கடைக்குள் அந்த வாடைக்கு நடுவே உட்கார்ந்து, விலை என்று இருந்த பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்தார். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும் மக்களே" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஐந்து மாதம் கழித்து மென்பொருளைக் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "ஒட்டுப்பால் எங்க?" மரத்தில் பால் வடியக் கட்டும் சிரட்டையில் உறைந்து ஒட்டியிருப்பதைப் பிடுங்கி விற்பது இங்கே சின்னத் தோட்டக்காரர்களுக்குப் பெரிய வரவு. என் எழுபது பக்கத்தில் அது இல்லை. கையெழுத்துப் போட்ட ஆவணத்தில் இல்லாததால் அது மாற்றக் கோரிக்கையாகி, அதற்குத் தனிப் பணமும் கேட்கப்பட்டது. அந்த மனிதர் முகம் வாடியதை இன்னும் மறக்கவில்லை.

படிக்காமல் போடும் கையெழுத்துதான் பிஆர்டியின் பெரிய பலவீனம். ஆனால் நிலையான தொகைக்கு ஒப்பந்தம் போட்டிருந்தால் அது இல்லாமல் முடியாது. எது வேலைக்குள் வரும், எது வராது என்பதற்கு வேறு ஆதாரம் கிடையாது. தேவைகளை முறையாக எழுத ஐட்ரிபிள்ஈ என்ற பொறியாளர் அமைப்பின் 830 என்ற தரநிலை 1984-லேயே வந்தது. அதன் இடத்துக்கு 2011-இல் 29148 என்ற தரநிலை வந்தது. இத்தனை வருடம் இது நிலைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

அடுத்தது ரப்பர் பால் கொள்முதல். இந்த முறை யூசர் ஸ்டோரி. "வியாபாரியாக, வந்த பாலின் எடையைப் பதிந்து உடனே ரசீது தர வேண்டும்" என்று ஒரு சீட்டு. இரண்டே வாரத்தில் திரை தயாரானது. விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "எடைக்கு யாரு காசு குடுப்பா? டிஆர்சிக்குத்தான காசு" என்றார். டிஆர்சி என்பது பாலில் உள்ள உலர் ரப்பரின் சதவீதம். மரத்திலிருந்து வரும் பாலில் பொதுவாக 30 முதல் 40 வரை இருக்கும். எழுபது பக்கத்தில் பிடிபடாத வகைத் தவறு ஒரே நிமிடத்தில் பிடிபட்டது. இதற்காகவே எனக்கு யூசர் ஸ்டோரி பிடிக்கும்.

சரி, அப்புறம் என்ன சிக்கல்? 2001-இல் ரான் ஜெஃப்ரீஸ் என்ற மென்பொருள் வல்லுநர் யூசர் ஸ்டோரியை மூன்றாகச் சொன்னார்: சீட்டு, உரையாடல், உறுதிப்படுத்தல். நடுவில் இருக்கும் உரையாடல்தான் உயிர். எங்கள் உரையாடல் பாதி தமிழ், பாதி மலையாளம். அதுவும் வண்டியில் போகும்போது நடந்தது. டிஆர்சி பார்க்கச் சாம்பிள் எடுத்து முடிவு வர இரண்டு நாள் ஆகும். கோட்டயத்தில் இருக்கும் ரப்பர் வாரியம் வெளியிடும் விலையோ தினமும் மாறும். எந்த நாள் விலையைப் போடுவது? அன்றைக்குப் பேசி முடித்தோம், எழுதவில்லை. கேட்டுக்கொண்டிருந்த டெவலப்பர் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆறு மாதத்தில் ஒரு பில்லில் தகராறு வந்தபோது, என்ன முடிவு செய்தோம் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. பிஆர்டியாக இருந்திருந்தால் நாற்பதாம் பக்கத்திலாவது ஒரு வரி இருந்திருக்கும்.

ஆகவே என் தேர்வு இது. திரை, ரசீது, பதிவு, தேடல் போன்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவற்றுக்கு யூசர் ஸ்டோரி போதும். பிஆர்டி வீண் உழைப்பு. விலை, கழிவு, தேதி, வரி என்று பணம் தொடும் விதிகளுக்கு எழுத்தில் ஒரு ஆவணம் கட்டாயம் வேண்டும். ஆனால் எழுபது பக்கம் வேண்டாம். வாடிக்கையாளர் வாசிக்கும் மொழியில், கணக்குப் போட்டுக் காட்டி, ஒரே பக்கம். புதிதாக இந்த வேலைக்கு வரும் நம்மூர்ப் பிள்ளைகள் முதலில் இந்த ஒரு பக்கத்தை எழுதப் பழகினால் போதும் என்பேன். சான்றிதழ் தேர்வெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தகராறுக்குப் பிறகு அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதி அவரிடம் கொண்டுபோனேன். "பால் 100 கிலோ, டிஆர்சி 35, ரப்பர் 35 கிலோ" என்று ஆரம்பித்து முழு பில்லும் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் வாசித்தார். பிறகு என் பேனாவை வாங்கி, விலை என்ற வரிக்குக் கீழே அவர் கையாலேயே எழுதினார்: "பால் அளந்த நாள் விலை."