ஆறு முதல் எட்டு வரை: முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கு எந்தத் திட்டம் சரிப்படும்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்தவர்களிடம் ஒரு நாள் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்து கேட்பார்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் என்று மேலே அச்சிட்டிருக்கும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 22ஆவது பிரிவில், இந்தத் திட்டத்தைக் குழுவே எழுத வேண்டும் என்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒரு திட்டம், அதற்குள் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பகுதி. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். மும்பையில் தாராவி, சயான் பக்கம் முனிசிபல் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பலருக்கு இப்படி ஓர் அதிகாரம் தங்கள் கையில் இருப்பதே தெரியாது. கழிவறை, குடிநீர், பெஞ்சு எல்லாம் எழுதி முடித்ததும், கல்வித் தரம் என்ற வரிக்கு எதிரே 'சிறப்பு வகுப்புகள்' என்று போட்டுப் படிவத்தை மூடிவிடுகிறார்கள்.

அந்தச் 'சிறப்பு வகுப்பு' எதுவாக இருக்க வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துப் பாடம் நடத்தலாம் என்பார் ஒருவர். நம் பேட்டையைச் சேர்ந்த, படித்த பெண் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்பார் இன்னொருவர். டேப் (டேப்லெட் கணினி) வேண்டும், ஸ்காலர்ஷிப் பரீட்சைக்குக் கோச்சிங் வேண்டும், கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும் என்றும் வரும். எல்லாமே நல்லதுதான், எல்லாவற்றையும் செய்வோம் என்று தலைமை ஆசிரியர் முடித்துவைப்பார். முடியாது. இவை எல்லாம் ஒரே நேரத்துக்கும் ஒரே ஆசிரியருக்கும் போட்டி போடுகின்றன.

அந்த நேரம் எவ்வளவு? ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குச் சட்டம் குறித்திருப்பது ஆண்டுக்கு 220 வேலை நாள், 1000 மணி நேரம். ஒரு நாளைக்குச் சுமார் நாலரை மணி. அதற்குள் தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம் என நான்கு மொழி. 2020இல் வந்த சட்டத்துக்குப் பிறகு மகாராஷ்டிரத்தில் எந்த மொழி வழிப் பள்ளியும் மராத்தியை விட முடியாது. இவற்றோடு கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகிய மூன்றுக்கும் ஆசிரியரை அனுப்பலாம் என்று அதே சட்டத்தின் 27ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. அதனால் யார் எந்தத் திட்டத்தோடு வந்தாலும் நான் முதலில் கேட்பது, எந்தப் பீரியடை எடுக்கப்போகிறீர்கள் என்பதைத்தான். அதற்குப் பதில் இல்லாத திட்டத்தைப் படிவத்தில் எழுதுவது வீண்.

நிலை பிரித்துப் பாடம்

ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எல்லாரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இல்லை. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியான் என்ற பொருளியலாளர்கள் மூவரும் டில்லியில் அரசு நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு இதை எண்ணில் காட்டியது. ஆறாம் வகுப்புப் பிள்ளை சராசரியாகக் கணக்கில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. ஒரே வகுப்பறையில் ஐந்தாறு வகுப்பு வித்தியாசம் உள்ள பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். ஆசிரியரோ பாடநூலை முடித்தாக வேண்டும். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பிள்ளைக்கு இயற்கணிதம் நடந்துகொண்டிருக்கும்.

டில்லி அரசு இதற்குத்தான் 2016இல் 'சுனவ்தி' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. வாசிக்கும் திறனைச் சோதித்து, அதன்படி பிள்ளைகளைத் தனித்தனிப் பிரிவாக உட்காரவைத்தது. 2018இல் அதே வழியில் 'மிஷன் புனியாத்' வந்தது. தமிழ்நாட்டில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறது. பெயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பூவின் பெயரை வைத்தாலும், எது மக்குப் பிரிவு என்று பிள்ளைகள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது ஏழு வயதுப் பிள்ளையைவிட அதிகமாக வலிக்கும். டில்லித் திட்டத்தின் மேல் வந்த முக்கியமான புகாரும் அதுதான். ஆகவே நாள் முழுக்கத் தனிப் பிரிவு கூடாது. ஒரு மணி நேரம் மட்டும் கலைந்து, மீதி நேரம் பழையபடி சேர்ந்து உட்கார வேண்டும்.

இந்த ஒரு மணி நேரத்துக்கு ஹரியானா அனுபவம் நல்ல ஆதாரம். அதற்கு முன் பீகாரிலும் உத்தராகண்டிலும் ஆசிரியர்களுக்கு இதற்கான பயிற்சியும் புத்தகமும் கொடுத்துப் பார்த்தார்கள். பள்ளி நாள்களில் பலன் தெரியவில்லை. ஆசிரியர்கள் பழையபடி பாடநூலை முடிக்கப் போய்விட்டார்கள். 2012-13இல் ஹரியானாவில் அட்டவணையில் தினம் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கினார்கள். அந்த நேரத்தில் வகுப்பு எது என்று பார்க்காமல் நிலை எது என்று பார்த்துப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். கல்வித் துறை மேற்பார்வையாளர்களை முதலில் அவர்களே சில வாரம் பாடம் நடத்திப் பார்க்கவைத்து, அப்புறம்தான் ஆசிரியர்களைக் கவனிக்க அனுப்பினார்கள். மொழிப் பாடத்தில் முன்னேற்றம் தெரிந்தது. மற்ற இரண்டு இடத்தோடு ஒப்பிட்டால், கூடுதலாக இருந்தவை ஒதுக்கிய நேரமும் மேற்பார்வையும்தான். நம் பகுதிப் பள்ளிகளை மேற்பார்வை பார்க்கும் பீட் ஆபீசர் பள்ளிக்கு வரும்போது ரெஜிஸ்டரோடு இந்த ஒரு மணி நேர வகுப்பையும் பார்க்க வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிவைத்தால் தப்பில்லை.

பேட்டைப் பெண்ணா, மெஷினா?

இதற்கான விடையில் ஒரு பாதி மும்பையிலேயே கிடைத்தது, மறு பாதி வதோதராவில். 1995இல் மும்பைக் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய பிரதம் என்ற தொண்டு அமைப்பு, 'பால்சகி' என்ற பெயரில் பேட்டைப் பெண்களை முனிசிபல் பள்ளிகளில் வேலைக்கு வைத்தது. பெரும்பாலும் பள்ளிப் படிப்பை முடித்த பெண்கள். ஆரம்பத்தில் இரண்டு வாரப் பயிற்சி. மாதம் 500 முதல் 750 ரூபாய். பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளை வகுப்பிலிருந்து தினம் சுமார் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துப்போய் எழுத்து, வாசிப்பு, கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தார்கள். 2001 முதல் 2003 வரை நடந்ததை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட நால்வர் அளந்தார்கள். பானர்ஜியும் டுஃப்லோவும் 2019இல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டவர்கள். பானர்ஜி பிறந்ததும் இதே மும்பையில்தான்.

இரண்டாம் ஆண்டில் பள்ளி மதிப்பெண் 0.28 திட்ட விலக்கம் ஏறியது. கூட்டத்தில் இந்தச் சொல்லைச் சொன்னால் எல்லாரும் செல்போனை எடுத்துவிடுவார்கள். இப்படிச் சொல்லலாம்: நூறு பேரைக் கடைசி ஆளிலிருந்து எண்ணினால் ஐம்பதாவதாக நிற்கும் பிள்ளை அறுபதைத் தாண்டி நிற்கும். அந்த ஏற்றத்தின் பெரும்பகுதியும் பால்சகியிடம் போன பிள்ளைகளிடமே வந்தது. மீதிப் பிள்ளைகளுக்கு வகுப்பில் கூட்டம் குறைந்ததே தவிர மதிப்பெண் கூடவில்லை. ஐம்பது பேரை முப்பதாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வதோதராவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் கணினியில் கணக்கு விளையாட்டு. இரண்டாம் ஆண்டில் கணக்கில் ஏறியது 0.47 திட்ட விலக்கம். பெண்ணைவிட மெஷின் ஜெயித்ததுபோலத் தோன்றும். ஆனால் மொழியில் ஒன்றும் அசையவில்லை. பால்சகிக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுச் செலவு சுமார் 2.25 டாலர், கணினிக்குச் சுமார் 15 டாலர்; கிட்டத்தட்ட ஏழு மடங்கு. அப்புறம், திட்டம் நின்று ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டிலும் ஏறியதில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. ஓர் ஆண்டு மட்டும் செய்துவிட்டு விட்டுவிடுவதற்கு எதிராக இதைவிடப் பெரிய வாதம் வேண்டாம். மூன்று ஆண்டுத் திட்டம் எழுதச் சொல்லும் சட்டத்துக்கு இங்கே ஓர் அர்த்தம் இருக்கிறது.

இவை மூன்றாம், நான்காம் வகுப்புக் கதை. நடுநிலை வகுப்புக்கு மறுபடியும் டில்லிக்குத்தான் போக வேண்டும். முரளிதரன் குழு 2015இல் அளந்தது 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளை. பிள்ளை எங்கே தடுமாறுகிறதோ அங்கிருந்து அது பாடத்தைத் தொடங்கும். பள்ளிக்கு வெளியே, வாரம் ஆறு நாள், தினம் ஒன்றரை மணி நேரம். பாதி கணினி, பாதி ஓர் ஆள் சொல்லிக்கொடுப்பது. நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23. கணினிப் பக்கம் நிற்பவர்களுக்கு இது வலுவான சாட்சி. அந்தப் பாதி நேர ஆளை மறந்துவிட்டு மெஷினை மட்டும் வாங்கிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. மும்பை மாநகராட்சி 2015இலேயே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் ஏற்றிய டேப் கொடுத்தது. பாடநூலை அப்படியே திரையில் காட்டும் டேப் வேறு; பிள்ளையின் நிலையைக் கண்டுபிடித்து இறங்கி வரும் மென்பொருள் வேறு. முன்னது புத்தகப் பையின் எடையைக் குறைக்கும், அவ்வளவுதான். தமிழ் வழிப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மென்பொருள் தமிழில் இருக்கிறதா, இருந்தாலும் மகாராஷ்டிரப் பாடத்தோடு ஒத்துப்போகிறதா என்று காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

டில்லியில் அந்த மைண்ட்ஸ்பார்க் மையங்களில் இடம் கிடைத்த பிள்ளைகள் பாதிக்குச் சற்று மேலான நாள்களே வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாலை வகுப்பின் பிரச்சினை அது. தமிழ்நாட்டின் இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபரில் மாலை வகுப்பாகத்தான் தொடங்கியது. தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய். கொரோனாவில் இழந்த படிப்பில் மீண்டுவந்த பகுதியில் சுமார் கால்வாசி இந்த வகுப்புகளால் வந்தது என்று பின்னால் நடந்த ஆய்வு சொன்னது. ஊரில் அது நடந்தது. இங்கே? தாராவியில் வீட்டிலிருந்தபடியே உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் வேலை பார்க்கும் பெண், மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மாலையை விட்டுக்கொடுக்க மாட்டார்; விட்டுக்கொடுக்கக் கேட்பதும் நியாயமில்லை. பத்துக்குப் பத்து வீட்டில் இருபது பிள்ளைகளை எங்கே உட்காரவைப்பது? பெண் பிள்ளைகளுக்கு அந்நேரம் தண்ணீர் பிடிக்கும் வேலையும் தம்பியைப் பார்க்கும் வேலையும் இருக்கும். போதாததற்கு டியூஷன். வகுத்தல் தெரியாத பிள்ளைக்கு வீட்டுப்பாட விடையை எழுதவைத்து அனுப்பும் டியூஷனோடு நம் மாலை வகுப்பு போட்டி போட வேண்டியிருக்கும். ஜெயிப்பது டியூஷன்தான், ஏனென்றால் அதற்குக் காசு கட்டியாயிற்று.

கோச்சிங்கும் ஆங்கிலமும்

ஸ்காலர்ஷிப் கோச்சிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி, திறன்வழித் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். பெற்றோர் வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு அது பெரிய பணம். ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் பழைய வினாத்தாள்களைப் போட்டுக் கொடுத்தால் போதும். பள்ளியின் கல்வித் திட்டம் என்று இதை மட்டும் எழுதுவது, மேலே இருக்கும் ஐந்து பேருக்காக மீதிப் பேரை மறப்பது.

ஆங்கிலம் அப்படி எளிதில் தள்ளிவிடக்கூடியதில்லை. "ஏன் டீச்சர், எம் புள்ள தமிழ்லயே எட்டு வரைக்கும் படிச்சிட்டு அப்புறம் எங்க போவும்?" என்று ஓர் அம்மா கேட்டால் அதற்கு மழுப்பலான பதில் கூடாது. மும்பையில் மேல் வகுப்புகளில் தமிழ் வழிக்கு இடம் குறைவு. மாநகராட்சியே மும்பை பப்ளிக் ஸ்கூல் என்ற பெயரில் சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் நடத்துகிறது, அவற்றில் இடம் குலுக்கலில். செமி இங்கிலீஷ் என்று கணக்கையும் அறிவியலையும் மட்டும் ஆங்கிலத்தில் நடத்துவது மராத்திப் பள்ளிகளில் பரவலாக இருக்கிறது. பெற்றோரின் ஆசை நியாயமானது. ஆனால் தமிழில் ஒரு பத்தியை வாசிக்கத் திணறும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அறிவியலை ஆங்கிலத்தில் மாற்றினால், பழைய ஓட்டை அப்படியே இருக்க, அதற்கு மேல் புதிதாக ஒன்று விழும். ஆங்கிலத்தை ஒரு பாடமாக நன்றாக, வாய்விட்டுப் பேசும் நேரத்தோடு நடத்துவது ஒரு வழி. எட்டாம் வகுப்பின் கடைசி ஆறு மாதத்தில் கணக்கு, அறிவியல் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் கரும்பலகையில் எழுதிப் பழக்குவது இன்னொன்று. இரண்டுக்கும் கூடுதல் பீரியட் வேண்டியதில்லை. வழியையே மாற்றும் பேச்சை அடுத்த மூன்று ஆண்டுத் திட்டத்துக்குத் தள்ளிவைப்பேன்.

அப்படியானால் படிவத்தில் எதை எழுதுவது?

என் ஓட்டு ஒரு கலப்புக்கு. பள்ளி நேரத்துக்குள் தினம் ஒரு மணி நேரம், மூன்று வகுப்புப் பிள்ளைகளும் நிலைவாரியாகக் கலைந்து உட்காரட்டும். இருக்கும் ஆசிரியர்களோடு பேட்டைப் பெண் ஒருவரும், முடிந்தால் இருவரும் நிற்கட்டும். அவர்களுக்குக் கையில் வைக்கத்தக்க சம்பளம் தேட வேண்டும். டேப்புக்கு வரும் நன்கொடையை இதற்குத் திருப்பக் கேட்டுப் பார்க்கலாம், கொடுப்பவர்களுக்குப் போட்டோவில் டேப் தெரிய வேண்டும் என்பது வேறு விஷயம். பாதி கல்வியாண்டு இப்படி நடந்தாலே நூற்றுப் பத்து மணி நேரம் வரும். சட்டம் சொல்லும் 1000 மணியில் ஒன்பதில் ஒரு பங்கு. எந்தப் பீரியட் என்று கேட்டால், வாரம் முழுக்க ஒரே பாடத்தில் கைவைக்காமல், மொழிப் பாடங்களிலும் கணக்கிலும் மாற்றி மாற்றி எடுக்கச் சொல்வேன். அந்த நேரத்தில் நடப்பதும் மொழியும் கணக்கும்தானே.

நிலை எது என்று அறியப் பெரிய பரீட்சை வேண்டாம். பிரதம் 2005 முதல் நடத்தும், பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் ஏசர் ஆய்வின் வாசிப்புத் தாள் தமிழிலும் இருக்கிறது: எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை. கணக்கில் எண் அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம். ஜூனில் பள்ளி திறந்ததும் ஒன்று, தீபாவளி விடுமுறை முடிந்ததும் ஒன்று, மார்ச்சில் ஒன்று. பிள்ளையின் பெயரைப் போடாமல், எத்தனை பேர் எந்தப் படியில் என்று மட்டும் குழுக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லலாம். தீபாவளிக்குப் பிறகும் எழுத்துப் படியிலேயே நிற்கும் பிள்ளைகள் யார் யார் என்று தலைமை ஆசிரியருக்கும் அந்தப் பேட்டைப் பெண்ணுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். அவர்களுக்குக் கண் பார்வை, காது இரண்டையும் அந்த வாரமே சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கும் படிவத்தில் ஒரு வரி ஒதுக்குங்கள்.