ஓட்டையை முன்கூட்டியே அடைத்தது என் தப்பு

போன வாரம் நண்பன் கேட்டான்: "நீ எனர்ஜி ஆடிட் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சே, நாங்களும் பண்ணலாமா?" வீட்டில் காற்றும் வெப்பமும் எங்கே கசிகிறது என்று ஆள் வந்து அளப்பதுதான் இந்த ஆடிட். தாராளமாகப் பண்ணு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள், கசிவைக் குறைத்ததற்கு மானியம் கிடையாது என்று வந்த அந்தக் கடிதம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அடுத்த அரை மணி நேரம் பாவம், அவன் போனைக் காதில் வைத்தபடி என் புலம்பலைக் கேட்டான். மிச்சம் இங்கே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முன்வாசல் முழுக்கத் துணியால் அடைத்து, நடுவில் பெரிய விசிறி வைத்து வீட்டுக் காற்றை வெளியே இழுப்பார்களே, அந்த ப்ளோயர் டோர் சோதனைக்காகவே ஒருமுறை ஆடிட் செய்யலாம். உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வந்ததும், எங்கெல்லாம் இடுக்கோ அங்கெல்லாம் வெளிக்காற்று உள்ளே சீறியது. ஆடிட்டர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடந்தார். மாற்றிவிடலாம் என்று நான் விலை விசாரித்து வைத்திருந்த ஜன்னல்களில் புகை லேசாக ஆடியதோடு சரி. சிங்க்குக்குக் கீழே குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் படுத்துக்கொண்டு ஓடியது. கூரைக்கடியில் பரணுக்கு ஏறும் மூடியில் அசையவே இல்லை. "இதை யார் அடைச்சது? நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார். அந்தப் பாராட்டுக்கு நான் கொடுத்த விலை பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று. எங்கள் படுக்கையறைக் கார்ப்பெட்டில் சுவரை ஒட்டி ஒரு கருப்புக் கோடு இருந்தது. நான் வாக்யூம் போடும் லட்சணத்துக்கு அதுதான் சாட்சி என்பது மனைவியின் நெடுநாள் குற்றச்சாட்டு. ஆடிட்டர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். சுவரின் அடி இடுக்கு வழியாகக் காற்று போய்வரும்போது கார்ப்பெட் வடிகட்டி மாதிரி தூசியைப் பிடித்துக்கொள்கிறதாம். பரணிலும் கண்ணாடிப் பஞ்சு அங்கங்கே கறுத்துக் கிடந்ததைக் காட்டினார். கறுத்த இடத்துக்கு அடியில் ஓட்டை. பஞ்சு வெப்பத்தைத் தடுக்குமே தவிர காற்றைத் தடுக்காது, அதனால் இடுக்கை அடைத்த பிறகுதான் மேலே பஞ்சு போட வேண்டும் என்றார். அப்படியே செய்தோம். கார்ப்பெட்டையும் கழுவினோம். ரெண்டு வருஷமாகக் கோடு திரும்பி வரவில்லை. மனைவியிடமிருந்து மன்னிப்பும் வரவில்லை.

வீட்டை இப்படி இறுக்கினால் கேஸ் ஹீட்டரின் புகை வெளியே போகாமல் உள்ளேயே திரும்பக்கூடும். வேலை முடிந்ததும் எல்லா எக்ஸாஸ்ட் விசிறியையும் ஓடவிட்டு அதையும் சோதித்தார்கள். உங்கள் ஆடிட்டர் மறந்தால் நீங்கள் கேளுங்கள்.

இனி மானியம். 50 பாஸ்கலில் வீட்டுக் காற்று முழுவதும் மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதுதான் கணக்கு. எங்களுக்கு வேலைக்கு முந்தைய முதல் ஆடிட்டில் 8.4, வேலை முடிந்தபின் ரெண்டாவதில் 7.1. காற்றுக்கசிவு 20 சதவீதம் குறைந்தால்தான் காசு. எங்களுடையது 15ஐத் தாண்டிக் கொஞ்சம். ஏன் 20ஐத் தொடவில்லை தெரியுமா? முதல் ஆடிட்டுக்கு முந்தைய மாதம் முழுக்க, சனி ஞாயிறு விடாமல், சீலன்ட் துப்பாக்கியோடு திரிந்தவன் நான். பரண் மூடி, கதவு ரப்பர், ஸ்விட்ச் பெட்டிகள் என்று கைக்கு எட்டியதையெல்லாம் அளக்க ஆள் வருவதற்கு முன்பே அடைத்துவிட்டேன். சீலன்ட் வாங்கிய ரசீதுகளை வைத்து மேல்முறையீடும் செய்தேன். முதல் ஆடிட்டுக்கு முன் செய்த வேலை கணக்கில் வராது என்று ஒரே வரியில் பதில்.

நியாயம்தான். அளக்காத ஓட்டையை அடைத்தேன் என்று எவன் வேண்டுமானாலும் சொல்லலாம், யார் நம்பிக் காசு கொடுப்பது? ஆனால் ராத்திரி அந்தக் கடிதத்தை மூன்றாம் தடவை படிக்கும்போது இந்த நியாயமெல்லாம் எடுபடாது. பக்கத்து வீட்டுக்காரர் சல்லடை மாதிரி வீட்டை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார், முழு மானியமும் வாங்கினார். இன்றைக்கும் என் வீடு அவர் வீட்டைவிட இறுக்கம்.

வீட்டைச் சூடாக்கவும் குளிராக்கவும் போட்ட ஏசி மாதிரியான ஹீட் பம்ப்புக்குத் தனி மானியம். அது வந்தது, ஐந்து மாதம் இழுத்து. திறன் மதிப்பீடு வெளி யூனிட்டும் உள் யூனிட்டும் சேர்ந்த ஜோடிக்குத்தான். பில்லில் வெளி யூனிட் மாடல் எண் மட்டும் இருந்ததாம். பில் போட்டவரை மூன்று தடவை துரத்தினேன்.

வீட்டைப் பற்றிக் கேட்டால் குறையே இல்லை. பின்னறை முன்னறை மாதிரியே இருக்கிறது, தெருச் சத்தம் குறைந்திருக்கிறது, கரண்ட் பில்லும்தான். ஆனாலும் நண்பனிடம் மானியத்துக்காகப் பண்ணாதே, விட்டுவிடு என்றே சொன்னேன். மீறிப் பண்ணினால் ஆடிட்டர் வரும்வரை வீட்டில் ஒரு இடுக்கையும் தொடாதே என்றேன்.

"அப்போ பரண் மூடியைத் திறந்தே வெச்சிரட்டுமா?" என்று கேட்கிறான். சோதனைக்கு முன்னால் அவர்களே சாத்திவிடுவார்கள்.