பிள்ளை கையில் முதல் இழைப்புளி: எதைக் கொடுப்பது?

பிள்ளைகளுக்கு மரம் இழைக்கச் சொல்லிக்கொடுக்கலாம் என்றதும் பலரும் முதலில் வாங்குவது உள்ளங்கையில் அடங்கும் பிளாக் பிளேனைத்தான். சின்னக் கைக்குச் சின்ன இழைப்புளி, சரிதானே என்று நானும் அண்ணன் மகனுக்கு 9 வயதில் அதையே கொடுத்தேன். 6 அங்குல நீளம், மரத்தின் கூர்விளிம்பைத் தட்டிவிட அருமையான சாமான். ஆனால் அதை ஒரு கையாலேயே தள்ள முடிகிறது, சிக்கல் அதுதான்: சும்மா இருக்கும் இடது கை தானாகப் போய் பலகையின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது, அலகு, அதாவது சீவும் கத்தி, வருகிற வழியிலேயே விரல். இரண்டு தடவை அவன் கையை எடுத்துவிட்டேன், மூன்றாவது தடவையும் அங்கேயே போனது.

அப்புறம்தான் 3-ஆம் நம்பர் அளவு இரும்பு இழைப்புளிக்கு மாறினோம். சுமார் 8 அங்குலம், முன்னால் குமிழ், பின்னால் கைப்பிடி. இரண்டு கையும் கருவியில் இருப்பதால் பலகையை வைஸில் (மேசையில் பொருத்திய பிடிப்புக் கருவியில்) இறுக்கியே ஆக வேண்டும், விரலுக்கு வேறு வேலையே இல்லை. பெரியவர்கள் வைத்திருக்கும் 4-ஆம் நம்பரைவிட எடையும் அகலமும் குறைவு. திருகைத் திருப்பி அலகை ஏற்றி இறக்க அவனே கற்றுக்கொண்டான்.

மர இழைப்புளி இதைவிட லேசு, வழுக்கிக்கொண்டு போகும், எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் சுத்தியலால் தட்டித்தான் அலகை இறக்க வேண்டும். மயிரிழை கூடினாலும் மரத்தைக் கவ்வி நின்றுவிடும், பிள்ளை மூச்சைப் பிடித்துத் தள்ளும், சட்டென்று விடுபட்டால் விரல் முட்டி பெயர்ந்துவிடும். பெரியவர் யாராவது அலகைச் சரியான அளவில் இறக்கிவைத்துக் கொடுப்பதாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். கன்னா என்ற ஜப்பானிய மர இழைப்புளியைத் தன் பக்கமாக இழுத்து இழைக்க வேண்டும், அதற்கும் இதே சுத்தியல்தான்.

எதைக் கொடுத்தாலும் தீட்டாமல் கொடுக்காதீர்கள். மொட்டை அலகு ஆபத்து குறைந்தது என்று நினைப்பது தப்பு, அதற்குத்தான் பலம் போட்டுத் தள்ள வேண்டியிருக்கிறது, பலம் போடும்போதுதான் கை சறுக்குகிறது. அடிப்பக்கத்தில் மெழுகுவர்த்தியை ஒரு கோடு தேய்த்தால் பாதி பாரம் குறைந்த மாதிரி இருக்கும்.

நான் அதிகம் பயப்படுவது இழைக்கும்போது அல்ல, இழைப்புளியின் வாயில், அதாவது அலகு வெளியே வரும் பிளவில், மரச்சுருள் அடைத்துக்கொள்ளும்போது. பிள்ளைகள் உடனே கருவியைத் திருப்பி அடியிலிருந்து விரலை விட்டுத் தோண்டுவார்கள், அலகின் கூர் அங்கேதான் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு ஈர்க்குச்சியை மேசையில் போட்டுவையுங்கள். மேல்பக்கமாகக் குத்தி எடுக்கச் சொல்லுங்கள், அதுவும் உங்களைக் கூப்பிட்ட பிறகு.