கிழமைக் கடன்: வாங்கிக் கட்டியவளின் அனுபவம்

முல்லைத்தீவு விசுவமடுப் பக்கம் கிழமைக் கடன், அதாவது நுண்கடன் கம்பனிகள் கொடுத்துவிட்டு வாரா வாரம் அறவிடும் கடன், எடுக்க யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். கொடுப்பதில் குறை சொல்ல முடியாது. அடகும் கேட்கவில்லை, ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை, நாலாம் நாள் அறுபதாயிரம் கையில். பேப்பரில் என்ன இருந்ததென்று ஒருவரும் வாசிக்கவில்லை, அது எங்கள் பிழை.

கிழமைக்கு 1,500. பிரதான வீதியில் பஸ் நிற்கும்போது வறுத்த கச்சான் விற்று அதைக் கட்டிவந்தேன், 2020 மார்ச் 20 ஊரடங்கு வரை. பஸ்ஸும் இல்லை, ஆட்களும் இல்லை, இரண்டு மூடை கச்சான் வீட்டு மூலையில் காறல் பிடித்துக் கிடந்தது. அரசு கொடுத்த ஐயாயிரம் அரிசிக்கும் பால்மாவுக்குமே போதவில்லை.

தவணைக்குச் சலுகை என்றார்கள், நாங்களும் அந்தக் கிழமைக் காசு தள்ளுபடி என்று நினைத்துவிட்டோம். ஊரடங்கு தளர்ந்ததும் மோட்டார் சைக்கிளில் வந்த தம்பி அட்டையைப் புரட்டி, நின்ற கிழமைகளுக்கும் வட்டி எழுதினார். “அக்கா, நீங்கள் கட்டாட்டி மற்ற நாலு பேரும் கட்டவேணும்” என்றார், படலைக்கு வெளியே நின்று, அயல் முழுக்கக் கேட்க. கடைசியில் தோட்டை அடகு வைத்துத்தான் அடைத்தேன்.

என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை. அந்த அரை, மாஸ்க்கைக் கழற்றாமல் பேசிய தம்பிக்கு. அவசரமென்றால் முதலில் ஊர்ச் சிக்கன கடனுதவுச் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள், அங்கே கூட்டம் கூட்டமென்று இழுப்பார்கள்தான்.